தோல் பூஞ்சைத் தொற்றுக்கான ஆய்வகப் பரிசோதனைகள்: மாதிரி எடுப்பது முதல் அறிக்கையைப் படிப்பது வரை

வட்டமாக, ஓரம் சிவந்து, நடுப்பகுதி ஆறியதுபோல் தோன்றும் அரிப்புத் திட்டைப் பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே வட்டத்தை நாணய வடிவ எக்ஸிமாவும் வரையும், சொரியாசிஸும் வரையும். தொடு உணர்ச்சி மங்கிய தொழுநோய்த் திட்டும் சில நேரம் அப்படியே தோன்றும். நகத்தில் குழப்பம் இன்னும் பெரிது. மஞ்சளித்து, தடித்து, உதிரும் நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதியுள்ளவர்கள் பூஞ்சை மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினாலும் நகம் மாறாது.

பூஞ்சையைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய முடியும். ஒரு கண்ணாடி ஸ்லைடும், இரண்டு சொட்டுக் காரக் கரைசலும், சாதாரண மைக்ரோஸ்கோப்பும், அரை மணி நேரப் பொறுமையும் அதற்குப் போதும். இருந்தும் இரண்டு மூன்று களிம்புகள் மாறி, எதுவும் பலிக்காத பிறகுதான் பலருக்கு ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. அதற்குள் மாதிரியில் தெரிய வேண்டியது மங்கிப்போயிருக்கும். பரிசோதனை முதலில், மருந்து பிறகு என்ற வரிசை மாறும்போதுதான் இந்தத் துறையின் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

நாம் தேடுவது எதை?

தோலைத் தாக்கும் பூஞ்சைகளை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் எந்தச் சோதனை எதற்கு என்பது எளிதில் விளங்கும். முதல் கூட்டம் டெர்மட்டோபைட்டுகள். டிரைக்கோபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டான் என்ற பேரினங்கள் இதில் முக்கியமானவை. இவை கெரட்டின் என்ற புரதத்தைச் செரித்து வாழ்கின்றன. கெரட்டின் இருப்பது தோலின் இறந்த மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும். "இரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. படர்தாமரைப் பூஞ்சை இரத்தத்துக்குள் போவதில்லை. அது குடியிருக்கும் செதிலையும் நகத்தையும் முடியையும்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேண்டிடா. இது ஈஸ்ட் வகை. ஈரம் தங்கும் தோல் மடிப்பு, விரலிடுக்கு, நகக்கண் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். மூன்றாவது, தேமலை உண்டாக்கும் மலசீசியா. இது ஆரோக்கியமான தோலிலும் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வது. கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில் டெர்மட்டோபைட்டும் இருக்கலாம், கேண்டிடாவும் இருக்கலாம், பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம்.

படி 1: ஆய்வகத்துக்குப் போகும் முன்

பூஞ்சைக் களிம்பு பூசிக்கொண்டிருந்தால் அதை ஒன்று முதல் இரண்டு வாரம் நிறுத்திய பிறகு மாதிரி கொடுப்பது நல்லது. மாத்திரை உட்கொண்டிருந்தால் இடைவெளி இன்னும் கூடுதலாக, நான்கு வாரம் அளவுக்கு வேண்டும். நகத்தில் மருந்து நெடுநாள் தங்கும் என்பதால் அங்கே மேலும் காத்திருக்கச் சொல்வார்கள். எதை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். நிறுத்த முடியாத நிலை என்றால் பரவாயில்லை, கடைசியாக எந்த மருந்தை எந்த நாளில் பயன்படுத்தினீர்கள் என்பதைப் பரிசோதனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், மருந்தால் மறைந்த பூஞ்சையைப் "பூஞ்சை இல்லை" என்று அறிக்கை தவறாகச் சொல்லிவிடும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். வட்டத்தின் ஓரம் கலைந்து, பார்ப்பவருக்குப் படர்தாமரை போலவே தோன்றாது. ஆனால் தோலின் எதிர்ப்பு தளர்வதால் பூஞ்சை உள்ளே செழித்து வளரும். இப்படி உருமாறிய திட்டிலிருந்து எடுத்த செதிலில் நூல் போன்ற பூஞ்சை இழைகள் அடர்ந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கிறோம். யாரோ சொல்லி வாங்கிப் பூசிய களிம்பாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள், முடிந்தால் குழாயையே எடுத்து வந்து காட்டுங்கள்.

மாதிரி கொடுக்கும் நாளில் குளித்துவிட்டு வரலாம். எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் அந்த இடத்தில் படக் கூடாது. பவுடர்த் துகள்களும் எண்ணெய்த் துளிகளும் மைக்ரோஸ்கோப்பில் ஈஸ்ட் போலவே உருண்டையாகத் தெரிந்து ஏமாற்றும். நகப்பூச்சை முன்னதாகவே அகற்றிவிடுங்கள். ஆனால் நகத்தை வீட்டிலேயே வெட்டிவிட்டு வராதீர்கள், மாதிரி எடுக்க எங்களுக்குத் தேவையானதே அதுதான்.

உடன் இருப்பவர்களுக்கு அரிப்பு உண்டா, பூனை, நாய், மாடு இவற்றோடு பழக்கம் உண்டா என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். மைக்ரோஸ்போரம் கேனிஸ் பெரும்பாலும் பூனையிடமிருந்தும் நாயிடமிருந்தும் வருகிறது. டிரைக்கோபைட்டான் வெருக்கோசம் மாட்டிடமிருந்து வருகிறது. பிந்தையது 37 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக வளரும். மாட்டுப் பழக்கம் தெரிந்தால்தான் ஆய்வகம் அந்த வெப்பத்திலும் ஒரு வளர்ப்புக் குழாயை வைக்கும்.

படி 2: மாதிரி எடுத்தல்

எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் இந்தப் படியில் விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது.

தோல் என்றால் முதலில் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். மேலே படிந்த பாக்டீரியா, அழுக்கு, களிம்பு எல்லாம் இதில் நீங்கும். பிறகு மழுங்கிய கத்தி முனையாலோ கண்ணாடி ஸ்லைடின் விளிம்பாலோ சுரண்ட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு ஸ்லைடு விளிம்பே பாதுகாப்பு. சுரண்ட வேண்டிய இடம் திட்டின் நடுப்பகுதி கிடையாது. பூஞ்சை மையத்திலிருந்து வெளியே முன்னேறுகிறது, உயிர்ப்புடன் இருப்பது சிவந்து, மேடிட்டு, செதில் உதிரும் ஓரத்தில். நடுவில் சுரண்டியதால் "இல்லை" என்று வந்த அறிக்கைகள் ஏராளம். செதில் தாராளமாக வேண்டும், இரத்தம் வரும்படி சுரண்டத் தேவையில்லை. கொப்புளம் இருந்தால் அதன் மேல்தோலைச் சிறு கத்தரியால் வெட்டி எடுத்தால் இன்னும் நல்ல மாதிரி கிடைக்கும்.

சேகரித்த செதிலைக் கறுப்பு அல்லது அடர்நிறக் காகிதத்தில் மடித்து வைப்பது பழைய வழக்கம். வெள்ளைச் செதில் கறுப்பின் மேல் தெளிவாகத் தெரியும் என்பது ஒரு காரணம். காகிதத்தில் செதில் உலர்வாக இருக்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் புட்டியில் ஈரம் தேங்கினால் பாக்டீரியா பெருகிப் பூஞ்சையை அமுக்கிவிடும். மாதிரியைக் குளிர்பெட்டியிலும் வைக்கக் கூடாது. உலர்ந்த செதிலில் டெர்மட்டோபைட்டுகள் அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், குளிர் அவற்றுக்கு ஆகாது.

நகத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. நக நுனியை வெட்டி உறையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். நுனியில் இருப்பது பெரும்பாலும் இறந்த பூஞ்சையும், காற்றிலிருந்து ஒட்டிய வேறு பூஞ்சைகளின் வித்துகளும். நுனியை வெட்டி ஒதுக்கிவிட்டு, நகத்துக்கு அடியில் சேர்ந்திருக்கும் மாவு போன்ற பொடியை, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லை வரை உள்ளே போய்ச் சுரண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள இழைகள் அங்கேதான் முன்னேறிக்கொண்டிருக்கும். நகத்தின் மேற்பரப்பில் வெண்திட்டு மட்டும் இருந்தால், முதல் சுரண்டலை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். நகக்கண் வீங்கிச் சீழ் வந்தால் பஞ்சுக் குச்சியால் சீழை எடுப்பது போதும்.

தலைமுடியைக் கத்தரிப்பதில் பயனில்லை. பூஞ்சை இருப்பது வேரருகே. ஒளி மங்கி, உடைந்து, குட்டையாக நிற்கும் முடிகளை இடுக்கியால் வேரோடு பிடுங்க வேண்டும். முடி தலைத்தோல் மட்டத்திலேயே ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தால், அந்தப் புள்ளிகளைச் செதிலோடு சேர்த்துச் சுரண்ட வேண்டும். கத்தியைக் கண்டாலே அழும் குழந்தைக்குக் கிருமி நீக்கிய பல்துலக்கும் பிரஷ் கைகொடுக்கும். அதைத் திட்டின் மேல் சில முறை தேய்த்து, அதன் நார்களை நேராகக் கல்ச்சர் தட்டில், அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் தட்டில், அழுத்திவிடலாம். நோய்க்குறி இல்லாமல் பூஞ்சையைத் தலையில் சுமக்கும் உடன்பிறப்புகளைக் கண்டுபிடிக்கவும் இதுவே நல்ல வழி. தேமலுக்கு ஒட்டும் செல்லோ டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்தாலே செதில் வந்துவிடும்.

படி 3: உட்ஸ் விளக்கு

இருட்டறையில் 365 நானோமீட்டர் அளவிலான புற ஊதாக் கதிரைத் தோலில் பாய்ச்சிப் பார்ப்பது இது. மைக்ரோஸ்போரம் கேனிஸ் தாக்கிய முடி பச்சையாக ஒளிரும், தேமல் மஞ்சளாகத் தெரியலாம். தொடை இடுக்கில் பவள நிறத்தில் ஒளிர்ந்தால் அது பூஞ்சையே இல்லை, எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று. இன்று மிகுதியாகக் காணப்படும் டிரைக்கோபைட்டான் இனங்கள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஆகவே ஒளிராவிட்டால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். எந்த முடியைப் பிடுங்குவது என்று தேர்ந்தெடுக்க இந்த விளக்கு நன்றாக உதவும்.

படி 4: கேஓஎச் பரிசோதனை

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கெரட்டினைக் கரைத்து, செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பை நெகிழ்த்தும். பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டின் அவ்வளவு எளிதில் கரையாது. சுற்றியுள்ளவை கண்ணாடிபோல் தெளிய, பூஞ்சை மட்டும் உருவம் மாறாமல் நிற்கும். இந்த எளிய உண்மையின் மேல்தான் முழுச் சோதனையும் நிற்கிறது.

தோலுக்கு 10 முதல் 20 சதவீதக் கரைசல், நகத்துக்கு 20 முதல் 40 சதவீதம். செதிலை ஸ்லைடின் நடுவில் பரப்பி, ஒன்றிரண்டு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து மூட வேண்டும். தோல் செதிலுக்குப் பத்து முதல் முப்பது நிமிடம் போதும். நகத்தைச் சிறு குழாயில் கரைசலோடு பல மணி நேரம், தேவையானால் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். அவசரம் என்றால் ஸ்லைடை இளஞ்சூட்டில் சில நொடி காட்டலாம். கொதிக்கவிட்டால் படிகங்கள் உருவாகி ஸ்லைடு கெட்டுவிடும். தெளிந்த பிறகு கவர் ஸ்லிப்பை மெல்ல அழுத்திச் செல்களை ஒரே அடுக்காகப் பரப்பிக்கொள்ள வேண்டும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் எரிக்கும், மைக்ரோஸ்கோப்பின் லென்சையும் அரிக்கும். கையுறை கட்டாயம். வீட்டில் செய்து பார்க்கும் சோதனை இது இல்லை.

பார்க்கும்போது ஒளியைக் குறைப்பதுதான் நுட்பம். பூஞ்சை இழைக்கு நிறம் கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைத் தாழ்த்தி, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் ஐரிஸைச் சற்று மூடினால்தான் அதன் விளிம்பு எழுந்து தெரியும். முழு ஒளியில் பார்த்தால் இழை இருக்கும் இடத்தையும் கடந்துபோய்விடுவோம். முதலில் 10 மடங்கு லென்சில் ஸ்லைடு முழுவதையும் வரிசை வரிசையாகத் தேடி, சந்தேகம் வரும் இடத்தை 40 மடங்கில் உறுதிசெய்ய வேண்டும்.

டெர்மட்டோபைட்டு என்றால் ஒரே அகலமுள்ள, குறுக்குத் தடுப்புகள் கொண்ட, கிளைத்துச் செல்லும் இழைகள் தெரியும். சில இடங்களில் அவை மணிகோத்ததுபோல் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். கேண்டிடாவில் மொட்டுவிடும் ஈஸ்ட் செல்களும், இடையிடையே இறுகிய போலி இழைகளும் தெரியும். தேமலில் உருண்டைச் செல்கள் கொத்துக் கொத்தாகவும், அவற்றைச் சுற்றிக் குட்டையான வளைந்த இழைகளும் கிடக்கும். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். முடியில் வித்துகள் உள்ளே நிறைந்திருக்கின்றனவா, வெளியே உறைபோல் சூழ்ந்திருக்கின்றனவா என்பது இனத்தை ஊகிக்க உதவும்.

ஏமாற்றுபவையும் உண்டு. துணி நூல் அகலம் மாறி மாறி இருக்கும், தடுப்பு இருக்காது. காற்றுக்குமிழின் விளிம்பு அளவுக்கு மீறிக் கறுத்திருக்கும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, செல்களின் எல்லைக்கோட்டில் வலைபோல் படியும் பொருள். மொசைக் பூஞ்சை என்று அதற்குப் பெயரே உண்டு, பூஞ்சை இல்லாவிட்டாலும். பயிற்சிக் காலத்தில் அதைப் பூஞ்சை என்று எழுத இருந்தேன். பக்கத்தில் நின்ற மூத்தவர், "ஃபைன் ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே பாருங்கள், அது செல்லைக் கடக்கிறதா, செல்லைச் சுற்றிப் போகிறதா?" என்று கேட்டார். உண்மையான இழை செல் எல்லைகளை வெட்டிக்கொண்டு செல்லும், மொசைக் எல்லையோடு ஒட்டியே வளையும். இன்றும் ஒவ்வொரு ஸ்லைடிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்.

கரைசலோடு பார்க்கர் மை அல்லது குளோரசால் பிளாக் என்ற சாயம் சேர்த்தால் இழை நிறம் பெற்றுத் தெரியும். கால்கோஃப்ளூர் ஒயிட் என்ற சாயம் கைட்டினில் ஒட்டி ஒளிரும். அதற்கு ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப் வேண்டும், ஆனால் தேடும் நேரம் வெகுவாகக் குறையும்.

பூஞ்சை இருக்கிறது என்பதை மட்டும் கேஓஎச் சொல்லும். எந்த இனம், உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது.

படி 5: கல்ச்சர்

பாரிஸ் மருத்துவர் ரேமண்ட் சாபுரோ வகுத்த வளர்ப்பூடகம்தான் நூறாண்டு கடந்தும் சில மாற்றங்களோடு பயன்பாட்டில் இருக்கிறது. பெப்டோனும் டெக்ஸ்ட்ரோஸும் கலந்த அகர் அது. பாக்டீரியாவை அடக்கக் குளோரம்பெனிக்காலும், காற்றில் வரும் வேண்டாத பூஞ்சைகளை அடக்க சைக்ளோஹெக்சிமைடும் சேர்ப்பார்கள். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வைத்து, வாரம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

கேண்டிடா இரண்டு மூன்று நாளில் வளர்ந்துவிடும். டெர்மட்டோபைட்டுகளுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும். "வளரவில்லை" என்று எழுத நான்கு வாரம் காத்திருப்பது முறை. ஒரு வாரத்தில் வந்த எதிர்மறை முடிவை இறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சைக்ளோஹெக்சிமைடில் ஒரு சிக்கல் உண்டு. நகத்தைத் தாக்கும் நியோஸைட்டலிடியம் போன்ற பூஞ்சைகளையும் அது வளரவிடாது. ஆகவே நக மாதிரியை அது சேர்த்த ஊடகத்திலும் சேர்க்காத ஊடகத்திலும் போட வேண்டும். அப்படிப்பட்ட பூஞ்சை வளர்ந்தால், நோய்க்குக் காரணம் அதுவா, காற்றில் வந்து விழுந்ததா என்ற கேள்வி எழும். அதே பூஞ்சை மீண்டும் எடுத்த மாதிரியிலும் வளர்ந்து, ஸ்லைடிலும் பொருத்தமான இழை தெரிந்தால்தான் நம்பலாம்.

மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும் டெர்மட்டோபைட் ஊடகமும் உண்டு. வசதியானதுதான், ஆனால் நாள் கடந்தால் வேறு பூஞ்சைகளும் அதைச் சிவக்க வைக்கும். நிற மாற்றத்தை மட்டும் நம்பி முடிவு எழுதுவதை நான் ஏற்பதில்லை. மலசீசியாவுக்கு எண்ணெய் சேர்த்த ஊடகம் தேவை. தேமலுக்குக் கேஓஎச் போதும் என்பதால் கல்ச்சரை யாரும் கேட்பதில்லை.

படி 6: இனத்தைக் கண்டறிதல்

வளர்ந்த பூஞ்சையின் மேல்பரப்பு, அடிப்பக்க நிறம் இரண்டையும் குறித்துக்கொண்டு, லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தில் சிறிது எடுத்து வித்துகளைப் பார்க்க வேண்டும். டிரைக்கோபைட்டான் ரூப்ரம் பெரும்பாலும் அடியில் செந்நிறம் காட்டும். அதன் சிறு வித்துகள் கண்ணீர்த் துளி வடிவில் இழையின் இருபுறமும் அமர்ந்திருக்கும். டிரைக்கோபைட்டான் மென்டாகுரோபைட்டிஸில் உருண்டை வித்துகள் கொத்தாகவும், சுருள்வில் போன்ற இழைகளும் தெரியும், யூரியாவைச் சிதைக்கிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனையும் பொதுவாக நேர்மறையாக வரும். மைக்ரோஸ்போரம் கேனிஸின் பெரிய வித்து கதிர்கோல் வடிவம், தடித்த சொரசொரப்பான சுவர். எபிடெர்மோபைட்டானில் கதாயுதம்போல் பெரிய வித்துகள் மட்டும், சிறு வித்தே இல்லை.

இனப் பெயர் சிகிச்சையையும் மாற்றும். குழந்தையின் தலையில் டிரைக்கோபைட்டான் இருந்தால் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து நன்கு வேலை செய்யும். மைக்ரோஸ்போரம் என்றால் கிரிசியோஃபல்வின் என்ற மருந்தின் பக்கம் மருத்துவர் சாய்வார்.

படி 7: அடுத்த கட்டச் சோதனைகள்

நகத்தில் கேஓஎச்சும் கல்ச்சரும் கைவிட்டால், வெட்டிய நகத்துண்டை, பூஞ்சையின் சுவரை நிறமேற்றிக் காட்டும் பிஏஎஸ் சாயமிட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்பலாம். பூஞ்சையைக் காட்டுவதில் இது அவ்விரண்டையும்விடக் கூர்மையானது. இனம் சொல்லாது. பூஞ்சையின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் ஓரிரு நாளில் இனத்தோடு முடிவு தரும், ஆனால் செத்த பூஞ்சையின் டிஎன்ஏவையும் கண்டுபிடித்துவிடும். தோலில் ஆழமான கட்டி, ஆறாத புண், சீழோடு மணிமணியாகத் துகள்கள் வருதல் என்றால் சுரண்டல் போதாது. பயாப்ஸியாக ஒரு சிறு தோல் துண்டை எடுத்து, ஒரு பாதியைத் திசு ஆய்வுக்கும் மறுபாதியைக் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். கல்ச்சருக்குப் போகும் பாதியைத் தவறியும் ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது, அது பூஞ்சையைக் கொன்றுவிடும்.

2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கோபைட்டான் இன்டோட்டினியே பற்றித் தெரிந்திருப்பது இன்று அவசியம். உடலெங்கும் பரவி, திரும்பத் திரும்ப வரும் படர்தாமரையை இது உண்டாக்குகிறது. இதன் பல வகைகளில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதிக்கான மரபணு மாறியிருப்பதால் டெர்பினாஃபின் பலிப்பதில்லை. மைக்ரோஸ்கோப்பில் இதை மென்டாகுரோபைட்டிஸிலிருந்து நிச்சயமாகப் பிரிக்க முடியாது. இனத்தை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் என்ற மரபணுப் பகுதியை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். முறையாக மருந்து எடுத்தும் குணமாகாதவருக்குக் கல்ச்சரும், மருந்துக்குப் பூஞ்சை கட்டுப்படுகிறதா என்று பார்க்கும் உணர்திறன் சோதனையும் கேட்டுப் பெறுவது நியாயமானது. எல்லா ஆய்வகங்களிலும் அந்த வசதி இருக்காது, பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

படி 8: அறிக்கையைப் படித்தல்

கேஓஎச் நேர்மறை, கல்ச்சரில் வளரவில்லை என்று வந்தால் குழம்ப வேண்டாம். முன்பு எடுத்த மருந்தின் மிச்சம் பூஞ்சையை வளரவிடாமல் செய்திருக்கலாம், அல்லது கல்ச்சருக்குப் போன துணுக்கில் உயிருள்ள பகுதி இல்லாமல் போயிருக்கலாம். ஸ்லைடில் இழையைப் பார்த்துவிட்டால் தொற்று உண்டு என்றே கொள்ள வேண்டும். மறுதலையாக, கேஓஎச் எதிர்மறை, கல்ச்சரில் டெர்மட்டோபைட்டு என்றால் கல்ச்சரை நம்புங்கள். தோலில் டெர்மட்டோபைட்டு சும்மா வந்து உட்கார்ந்திருப்பது அரிது. கேண்டிடாவுக்கு இது பொருந்தாது. விரலிடுக்கில் கேண்டிடா வளர்ந்தது என்பதாலேயே அதுதான் நோய் என்று சொல்லிவிட முடியாது, ஸ்லைடும் புண்ணின் தோற்றமும் ஒத்துவர வேண்டும்.

இரண்டும் எதிர்மறையாக வந்து, மருத்துவரின் கண்ணுக்கு இன்னும் பூஞ்சையாகவே தோன்றினால் மறுபடி மாதிரி கொடுங்கள். நகத்தில் கல்ச்சர் கணிசமான தொற்றுகளைத் தவறவிடும். ஒரே எதிர்மறை முடிவை வைத்து நகத்தை விடுவிக்கக் கூடாது. "மாதிரி போதவில்லை" என்ற வரி தென்பட்டால் அதை எதிர்மறை என்று எண்ணிவிடாதீர்கள், சோதனை நடக்கவே இல்லை என்று அதற்குப் பொருள்.

மாத்திரை தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை எழுதினால் அது பூஞ்சையைத் தேடுவதற்கு இல்லை, மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுப்பதற்கு. இதய பலவீனம் உள்ளவர்கள் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் பேச்சு வரும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேண்டிடா திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது.

படி 9: சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை

தோல் திட்டு மறைந்துவிட்டால் பெரும்பாலும் மறுபரிசோதனை தேவைப்படாது. தலையிலும் நகத்திலும் தேவைப்படும். குழந்தையின் தலையில் முடி முளைத்திருந்தாலும் பூஞ்சை மிச்சமிருக்கலாம், பிரஷ் மாதிரியில் வளரவில்லை என்று உறுதியான பிறகு மருந்தை நிறுத்துவது பாதுகாப்பு. கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாய் வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். மருந்து முடிந்த மாதத்தில் பழைய நகத்தைச் சுரண்டி கேஓஎச் செய்தால் செத்த இழைகள் தெரியத்தான் செய்யும், பிசிஆரும் நேர்மறையாகவே வரும். மருந்தின் மிச்சம் நகத்தில் தங்கியிருப்பதால் அந்த நேரத்துக் கல்ச்சரும் தெளிவான பதில் தராது. அடியிலிருந்து தெளிவான நகம் ஒழுங்காக ஏறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, சில மாதம் கழித்து, பழைய நகம் எஞ்சியிருக்கும் எல்லையிலிருந்து மாதிரி எடுத்து ஸ்லைடையும் கல்ச்சரையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.